மல்லாந்தால் 92, ஒருக்களித்தால் 95: ஒரு மண்டோரின் சீபேப் இரவுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற 63 வயதுக்காரர் ஒருவரைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். ஊரே அவரை மண்டோர், அதாவது தோட்டத்து மேஸ்திரி, என்றுதான் கூப்பிடுகிறது, இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை. ரத்த உறவு கிடையாது. ஒரே லயத்தில் எதிரெதிர் வீடு, அவ்வளவுதான். நான் ஈப்போவில் தூக்கப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் தொழில்நுட்பராக இருக்கிறேன். எனக்கு வயது 41, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டி, இருவரும் சரி என்ற பிறகுதான் வெளியே விடுகிறேன். சிகிச்சை முடிவுகள் எல்லாம் நெஞ்சக நிபுணருடையவை. பதிவு எடுத்ததும் அதைப் படித்துப் பார்த்ததும் மட்டுமே என் வேலை.

வந்த குறை

மாமாவின் உயரம் 166 செ.மீ., எடை 98 கிலோ. உடல் நிறை குறியீடு 35க்கு மேலே. 15 வருடத்துக்கு முன்பே சிகரெட்டை விட்டுவிட்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். குறட்டை நெடுங்காலமாக உண்டு. லயத்துச் சுவர் பலகைச் சுவர் என்பதால் அது எங்கள் வீட்டுக்கும் சொந்தமாக இருந்தது. போன வருடம்தான் பரிசோதனைக்கு வந்தார். ஒரு மணி நேரத்துக்கு 46 தடவை மூச்சு நிற்கவோ குறையவோ செய்தது. இந்தக் கணக்கைத்தான் ஏ.எச்.ஐ. என்கிறோம். 5க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 30ஐத் தாண்டினால் கடுமையான தூக்க மூச்சடைப்பு. அவருக்கு மல்லாந்திருந்த நேரத்தில் மட்டும் 71, ஒருக்களித்திருந்தபோது 22. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 71 சதவீதம் வரை இறங்கியது.

71, 22 என்ற இந்த இரண்டு எண்களும் அன்றைக்கே அறிக்கையில் இருந்தன. மல்லாந்தபோது வரும் எண்ணிக்கை மற்ற நிலைகளைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது படுக்கும் நிலையைச் சார்ந்த மூச்சடைப்பு என்று 1984இல் தூக்க ஆய்வாளர் ரோசலின்ட் கார்ட்ரைட் வகுத்துச் சொன்னார். மாமாவுக்கு மூன்று மடங்கு. ஆனால் முகமூடி வழியே காற்றை அழுத்தி ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபேப் மெஷின் கைக்கு வந்துவிட்டால் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சேமநிதியில் எடுத்த பணத்தில் மெஷின் வாங்கினார். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. 6 முதல் 12 செ.மீ. நீரழுத்தம் வரை என்று அமைத்திருந்தார்கள். ஐந்து மாதம் ஒழுங்காகப் போட்டார். சராசரியாக இரவுக்கு 6 மணி 40 நிமிடம். இவ்வளவு ஒழுங்காகப் போடுகிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம். மெஷின் காட்டிய ஏ.எச்.ஐ. 4.3. விற்ற கடையில் காட்டியபோது, “அஞ்சுக்குக் கீழதான் இருக்கு அங்கிள், எல்லாம் ஓகே” என்று அனுப்பிவிட்டார்கள்.

எல்லாம் ஓகே இல்லை. காலையில் தலை கனமாக இருக்கிறது என்றார். பசியாறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. கோயில் கூட்டத்தில் தலைவர் பேசும்போது தூங்கிவிட்டாராம். “அது நோயில்ல மாமா, அவர் பேசுனா எல்லாரும் தூங்குவாங்க” என்றேன். அத்தை சிரிக்கவில்லை. “விடியக்காலையில இவரு மூச்சு சரியில்ல பாப்பா. மெஷினு சத்தத்துக்கு நடுவுல எனக்குக் கேக்குது” என்றார்.

நான் காது கொடுத்தது இந்த வார்த்தைக்குத்தான்.

முதல் பதிவும் ஒரு பொய்ப் பள்ளமும்

வீட்டில் வைத்திருக்கும் சீபேப் மெஷின் ஆக்சிஜனை அளப்பதில்லை. காற்று எப்படிப் போய்வருகிறது என்பதை வைத்துத்தான் அது மூச்சடைப்பை எண்ணுகிறது. ஆக்சிஜன் தெரிய வேண்டுமென்றால் விரல்மானி தனியாக வேண்டும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்ட சின்னக் கவ்வி இதற்கு உதவாது. அது அந்த நொடி எண்ணை மட்டும் காட்டும். மணிக்கட்டில் கட்டி, விரலில் உறை மாட்டி, இரவு முழுக்கப் பதிவு செய்யும் வகை வேண்டும். அதைக் கொண்டுபோய் இடது ஆள்காட்டி விரலில் மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று இரவு எடுத்தோம். 90 சதவீதத்துக்குக் கீழே கழிந்த நேரம் சராசரி 64 நிமிடம். மிகக் குறைந்த அளவு 76. மெஷின் போட்டிருக்கும் ஆளுக்கு இது மிக அதிகம். 90 என்ற கோட்டுக்கு ஒரு காரணம் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ. பாதரசம் இருக்கும்போது செறிவு ஏறக்குறைய 90 இருக்கும். இந்த இரண்டையும் வரைந்தால் வரும் வளைவு, அதற்கு மேலே சமவெளி மாதிரி, கீழே மலைச்சரிவு. 97இலிருந்து 93க்கு வருவதும் 90இலிருந்து 86க்குப் போவதும் எண்ணில் ஒரே நான்குதான், உடம்புக்கு ஒன்றல்ல. அப்புறம், கருத்த தோலில் விரல்மானி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். நம் ஆட்களுக்கு 91 என்று வந்தால் நிம்மதியாக எழுந்து போய்விடக் கூடாது.

இரண்டாம் இரவின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பள்ளங்கள் இருந்தன. முதலாவது 12:40 முதல் 1:15 வரை. கோடு திடீரென்று 84க்கு விழுந்து, தட்டையாகக் கிடந்து, திடீரென்று 95க்கு ஏறுகிறது. அந்த 35 நிமிடமும் நாடித்துடிப்பு 50, 110, 60 என்று கண்டபடி குதிக்கிறது. இரண்டாவது 4:10 முதல் 5:20 வரை. இது ரம்பப் பல். மெதுவாக இறங்கும், வேகமாக ஏறும், ஒவ்வொரு ஏற்றத்திலும் நாடி கொஞ்சம் எகிறும், மறுபடி இறங்கும். இந்த 70 நிமிடத்தில் கூட்டிப் பார்த்தால் அரை மணி நேரம் போல 90க்குக் கீழே.

ரம்பப் பல் என்றால் மூச்சடைப்பு. மூச்சு நின்றதும் விரலில் எண் உடனே விழாது. நுரையீரலில் கிளம்பிய ரத்தம் விரலுக்கு வந்து சேர வேண்டும், அரை நிமிடம் வரை பிந்தலாம். பிறகு திணறி ஒரு பெருமூச்சு, கோடு விருட்டென்று ஏறும். தட்டைப் பள்ளத்தில் இந்த நடை எதுவும் இல்லை.

“மாமா, ராத்திரி எப்படிப் படுப்பீங்க, படுத்துக் காட்டுங்க” என்றேன். இடப்பக்கம் ஒருக்களித்து, இடக்கையை மடித்துத் தலையணைக்கு அடியில் செருகினார். விரல்மானி மாட்டிய அதே கை. தலையின் கனமும் தலையணையின் கனமும் சேர்ந்து கைக்குப் போகும் ரத்தத்தை அழுத்துகின்றன. உடம்பில் ஆக்சிஜன் குறையவில்லை, விரலில்தான் ரத்தம் சரியாக ஓடவில்லை. அடுத்த மூன்று இரவு வேறு எதையும் மாற்றாமல் வலது விரலுக்கு மாற்றினோம். நள்ளிரவுப் பள்ளம் மறைந்தது. சராசரி 64இலிருந்து 29 நிமிடத்துக்கு வந்தது.

பாதிக்கு மேல் பொய். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், ஒருக்களித்துப் படுப்பதுதான் அவருக்கு ஆகவில்லை என்று நேர் எதிரான முடிவுக்குப் போயிருப்பேன். படுக்கும் நிலைக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தொடர்பை வீட்டில் சோதிக்கிற யாரும் முதலில் கையைப் பார்க்க வேண்டும்.

நாலு மணிக்கு என்ன நடக்கிறது

இப்போது மெஷினின் நினைவக அட்டையை எடுத்துக் கணினியில் போட்டேன். 6 மணி 40 நிமிடத்துக்கு மணிக்கு 4.3 என்றால் மொத்தம் 29 சம்பவங்கள். இரவு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் 29இல் 21, அந்த 70 நிமிடத்துக்குள் கிடந்தன. மணிக்கு 18. மீதி ஐந்தரை மணி நேரத்துக்கு 8 மட்டும். போதாக்குறைக்கு, மெஷின் வகுப்பது தூங்கிய மணியால் அல்ல, போட்டிருந்த மணியால். முகமூடியை மாட்டிக்கொண்டு விழித்துக் கிடந்த நேரமும் சேர்ந்து கணக்கை அழகாக்கிவிடுகிறது. இரவுச் சராசரி, ஆறு நாள் வெயிலும் ஒரு நாள் வெள்ளமும் அடித்த வாரத்துக்குச் ‘சாதாரண மழை’ என்று எழுதி வைக்கிற மாதிரி.

அழுத்தக் கோட்டையும் பார்த்தேன். நாலு மணி வரை 8, 9 என்று போனது, பிறகு 12இல் முட்டி அங்கேயே நின்றது. கசிவு இல்லை. மெஷினுக்கு இன்னும் கூட்ட வேண்டியிருக்கிறது, 12 என்று வைத்த கூரை தடுக்கிறது.

படுத்திருந்த நிலை என்ன? அலமாரி மேல் பழைய கைப்பேசியை வைத்துப் படம் பிடிக்கலாம் என்றேன். “நான் என்ன சினிமா நடிகனா?” என்று முறுக்கிக்கொண்டார். அத்தை ஒரு பார்வை பார்த்தார், நாலு இரவு படம் எடுத்தோம். நாலிலும் ஒரே கதை. இடப்பக்கம் தொடங்குகிறார். மூன்றரை, நாலு மணிக்கு மல்லாந்து விடுகிறார். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு அடுக்கு. அதில் தலை ஏறி, தாடை நெஞ்சில் போய்க் குத்தி நிற்கிறது.

மல்லாந்தால் நாக்கும் உள்நாக்குப் பக்கத்துச் சதையும் தம் எடையாலேயே தொண்டைக்குப் பின்னால் சரிகின்றன. இது பலருக்கும் தெரிந்தது. இன்னொன்று, வயிறு உதரவிதானத்தை மேலே தள்ள, நுரையீரலின் கொள்ளளவு குறைகிறது. நுரையீரல் நன்றாக விரிந்திருக்கும்போது மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும்; தொண்டையும் இழுபட்டு விறைப்பாக நிற்கும். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை இழுத்துப் பிடித்தால் மடங்காது, தளர விட்டால் நடுவில் மடிந்துவிடும் அல்லவா, அதுதான். கொள்ளளவு குறைந்தால் ஆக்சிஜன் கையிருப்பும் குறைவு, அதனால் மூச்சு நின்றதும் எண் சீக்கிரம் விழும். தாடை நெஞ்சில் குத்துவது தனி. ஏற்கனவே குறுகிய வழியை அது மேலும் மடக்குகிறது.

ஏன் நாலு மணிக்கு? கனவு காணும் ரெம் உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அந்த நேரத்தில் உதரவிதானத்தைத் தவிர உடம்பின் தசைகள் ஏறக்குறைய எல்லாம் தளர்ந்துவிடுகின்றன, தொண்டைத் தசைகளும்தான். மல்லாந்த நிலையும் ரெம்மும் சேர்ந்து வரும் நேரம்தான் இந்த நோயாளிகளுக்கு மிக மோசம். முப்பது வருடத்துக்கு மேல் அவர் நாலரைக்கு எழுந்து பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடியவர். ஓய்வுக்குப் பிறகுதான் ஆறரை வரை தூங்குகிறார். வேலை பார்த்த காலத்தில் இந்தப் பகுதியை அவர் தூங்கியதே இல்லை என்று சொல்லலாம். இது என் ஊகம்தான், ஆனாலும் விட மனம் வரவில்லை.

மல்லாந்து போவதற்கும் காரணம் இருந்தது. மண்டோர் ஆகும் முன் நீளக் கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டியவர். அண்ணாந்து இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. வலப்பக்கம் படுக்கவே முடியாது. இடப்பக்கம் நாலு மணி நேரம் கிடந்தால் அந்தப் பக்கமும் கடுக்கும், அப்புறம் முதுகுதான் மிச்சம்.

நிபுணர் முதலில் வேறு ஒன்றை விலக்கினார். பருத்த உடம்புக்காரர்களுக்கு மூச்சின் ஆழமே குறைந்து கரியமிலவாயு தேங்கும் நிலை உண்டு. அப்போது ஆக்சிஜன் ரம்பப் பல்லாக இல்லாமல் மணிக்கணக்கில் தாழ்ந்தே கிடக்கும், சீபேப் மட்டும் போதாமலும் போகலாம். அந்த வாயு தேங்கினால் ஏறும் பைகார்பனேட், மாமாவின் ரத்தத்தில் 25. 27ஐத் தாண்டியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். பகலில் ஆக்சிஜன் 96. ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையிலும் பெரிய குறை இல்லை. அது அல்ல.

மெஷினின் கூரையை 12இலிருந்து உயர்த்துவதுதான் சட்டென்று தோன்றும் வழி. மல்லாந்தால் ஒருக்களிப்பதைவிட இரண்டு மூன்று செ.மீ. கூடுதல் அழுத்தம் தேவைப்படுவது வழக்கம்தான். ஆனால் அழுத்தம் கூடினால் கசிவு கூடும், வயிறு ஊதும், ஒழுங்காகப் போடுகிற மனிதர் கழற்றி வீசவும் கூடும். “முதல்ல படுக்கையைப் பாப்போம். ஒரு நேரத்துல ஒண்ணு” என்றார் நிபுணர். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

படுக்கை வேலை

முதலில் மேல் தலையணையை மட்டும் எடுத்தோம். மூன்று இரவு, 29 நிமிடம் 22 ஆனது. பரவாயில்லை, போதாது.

அடுத்து ஒருக்களித்த நிலையிலேயே நிறுத்துவது. சட்டையின் முதுகில் டென்னிஸ் பந்து தைப்பது பழைய வழி. வேலை செய்யும், ஆனால் பெரும்பாலானவர்கள் சில மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டில் கட்டிலுக்குக் கட்டில் கிடக்கிறதே பாந்தால் பெலுக், கட்டிப்பிடித்துத் தூங்கும் உருளைத் தலையணை, அதை எடுத்தோம். முன்னால் ஒன்று: மேலே இருக்கும் வலது கையும் வலது காலும் அதன் மேல் கிடக்கும், நோகும் தோள் முன்னால் தொங்காது. பின்னால் ஒன்று: முதுகோடு ஒட்டி, மெத்தை விரிப்புக்கு அடியில் செருகி, நகராமல். பின்னால் முழுச் சுவர் மாதிரி வேண்டியதில்லை. கால்வாசி சாய்ந்தால் தாங்கினால் போதும். அப்படிச் சாய்ந்து கிடப்பதே இடது தோளுக்கும் ஓய்வு.

முதல் மூன்று இரவு தோல்வி. தலையணை முகமூடியை ஒரு பக்கம் தள்ளியது, காற்று கண்ணில் அடித்தது, கசிவு எகிறியது. கன்னம் மட்டும் தலையணையில் இருக்க, முகமூடியின் விளிம்பு தலையணையைத் தாண்டி வெளியே நிற்கும்படி அவரை ஒரு சாண் முன்னால் நகர்த்தினோம். குழாய் இழுக்காமல் இருக்கத் தலைக்கு மேலே மாட்ட வேண்டும். ஜன்னல் கம்பி வசதியாக இருந்தது, ஆனால் அது வடக்கு. கட்டிலைத் திருப்பினால் தலை வடக்கே வரும் என்று அத்தை ஒரே பிடியாக நின்றுவிட்டார். அலமாரிக் கதவில் ஆணி அடித்து, துணிக்கயிற்றில் தளர்வாகத் தொங்கவிட்டோம். கசிவு அடங்கியது.

அதற்குப் பிந்திய பத்து இரவின் சராசரி: 90க்குக் கீழே 3 நிமிடம். மிகக் குறைந்த அளவு 87. மெஷினின் ஏ.எச்.ஐ. 1.6. 12இல் முட்டிக்கொண்டிருந்த அழுத்தம் 9.5ஐத் தாண்டவில்லை. மூச்சடைப்பே இல்லாத நேரங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், மல்லாந்த பழைய இரவுகளில் கோடு 92ஐ ஒட்டி ஓடியது. ஒருக்களித்த இரவுகளில் 94, 95. தொண்டை திறந்திருந்தும் வரும் இந்த இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் நுரையீரலின் அடிப்பகுதியுடையது. மல்லாந்து வயிறு அழுத்தும்போது அங்கே சிறு காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. ரத்தம் போகிறது, காற்று போவதில்லை. மெஷின் தரும் அழுத்தம் இதை ஓரளவு சரிக்கட்டும், முழுக்க அல்ல.

தலைக்கனம் இரண்டாம் வாரத்தில் போய்விட்டது என்றார். பசியாறிய பிறகு தூங்குவது குறைந்தது, நிற்கவில்லை. அத்தையின் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கும் அதில் பங்கு உண்டு.

பிறகு தீபாவளி வந்தது. பினாங்கிலிருந்து மகள் குடும்பம், ஜொகூரிலிருந்து தம்பி குடும்பம். கட்டில் விருந்தாளிகளுக்குப் போனது, மாமா மெஷினோடு ஹாலில் பாய்க்கு வந்தார். பாந்தால் பெலுக் இரண்டையும் பேரப்பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு இரவும் பெரும்பாலும் மல்லாந்த கிடை. 90க்குக் கீழே ஒரு இரவு 26 நிமிடம், மறு இரவு 33. நான் திட்டமிட்டுச் செய்யத் துணியாத சோதனையைப் பேரப்பிள்ளைகள் செய்து முடித்தார்கள். கட்டிலுக்குத் திரும்பிய மூன்றாம் இரவு, 4 நிமிடம்.

இதைப் பார்த்த பிறகுதான் நிபுணர் கூரையை 14க்கு உயர்த்தினார். எல்லா இரவும் பாந்தால் பெலுக் கையில் இருக்காது, பாய் இருக்கும், பஸ் இருக்கும், மருத்துவமனைக் கட்டில் இருக்கும். உயர்த்திய பிறகு தோள் வலியால் மல்லாந்தே கழித்த ஓர் இரவில் 6 நிமிடம் மட்டும். ஒருக்களித்த இரவுகளில் அழுத்தம் இப்போதும் 9, 10க்குள்ளேயே நிற்கிறது, கூடுதல் இடத்தை மெஷின் தொடுவதே இல்லை.

இது ஒரே ஆள், வீட்டுக் கருவி, எது எந்த இரவு என்று மறைத்து வைத்துச் செய்த சோதனையும் அல்ல. எந்த இரவு எப்படிப் படுத்தார் என்று தெரிந்துகொண்டேதான் வரைபடத்தைப் படித்தேன். ஒருக்களித்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும் என்பதும் இல்லை. கடுமையான நோயாளிகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி அடைபடுகிறவர்கள் உண்டு. மாமாவுக்கு ஒருக்களித்தபோதும் 22 இருந்தது, அதனால் பாந்தால் பெலுக் இருக்கிறதே என்று மெஷினைக் கழற்றவும் முடியாது. அவர் கேட்டார். முடியாது என்றேன்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார். முதல் நாள் ராத்திரியே போய்ப் பந்தலில் படுத்துக்கொள்வது அவர் வழக்கம். பந்தலில் மின்சாரம் உண்டா, பிளக் எத்தனை அடி தூரத்தில், மெஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் படுக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று விசாரிக்கும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. பாந்தால் பெலுக் ஒன்றை மட்டும் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்துப் போகலாமா என்று அத்தை கயிறு தேடிக்கொண்டிருக்கிறார்.